ஆயில் குறையாத வண்டி

வண்டி வாங்கிய முதல் மழைக்காலத்தில் ஆயில் குறையவே இல்லை. ஜூன் முதல் வாரம் மாற்றினேன். ஜூலை கடைசியில் டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) இழுத்துப் பார்த்தால் மேல் கோட்டைத் தாண்டி ஒரு நெல்லளவு உயரத்தில் நிற்கிறது. "இருபது வயசு எஞ்சின், ஒரு சொட்டு குடிக்கலை" என்று முடோன் டீக்கடையில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மாமனார் மட்டும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "குறையலைங்கிறது சரி மாப்ளே. ஏறியிருக்கே, அது எப்படி?"

எனக்குப் பதில் தெரியவில்லை. மாற்றும்போது கொஞ்சம் அதிகம் ஊற்றியிருப்பேன் என்று சமாளித்தேன். மனத்துக்குள்ளும் அதையே நம்பினேன்.

எங்கள் ஊர் பர்மாவின் மோன் மாநிலத்தில், மௌலமைனுக்குத் தெற்கே இருக்கிறது. வீட்டுப் பெரியவர்கள் இன்னும் மோல்மேன் என்றுதான் சொல்வார்கள். ரப்பரும் பாக்கும் விளைகிற பூமி. நான் ஓட்டுவது 1994 மாடல் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப், டபுள் கேப் (இரண்டு வரிசை இருக்கை). உள்ளே 3எல் எஞ்சின்: 2,779 சிசி, நாலு சிலிண்டர், டர்போ இல்லை, கம்ப்யூட்டர் இல்லை, டீசல் பம்பு முழுக்க முழுக்க இரும்பு வேலை. ஜப்பானில் ஓடி ஓய்ந்து இங்கே வந்து மறுபிறவி எடுத்த வண்டி. ஸ்டியரிங் வலது பக்கம். பர்மாவில் 1970-இலிருந்து சாலையிலும் வலது பக்கம்தான் ஓட்டுகிறோம். எனவே முன்னால் போகும் லாரியை முந்த வேண்டுமென்றால், இடது பக்கம் உட்கார்ந்திருக்கும் ஸ்பேர்ப் பையன் (வண்டி உதவியாள்) தலையை நீட்டிப் பார்த்து "போ" என்று சொல்ல வேண்டும். ஜப்பான்காரன் மீட்டர் கிலோமீட்டரில் ஓடுகிறது, சாலையோரக் கல் மைலில் நிற்கிறது. இரண்டையும் கூட்டிக் கழித்தே காலம் போகிறது.

சுமை பெரும்பாலும் ரப்பர் ஷீட்டு, சீசனில் பாக்கு. ஒரு நடைக்கு அறுநூறு வீசை, அதாவது கிட்டத்தட்ட ஒரு டன். ஆமாம், வீசைதான். தமிழ்நாட்டில் தராசோடு சேர்ந்து காணாமல் போன அளவு, இங்கே சந்தையில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

2014 ஜனவரியில் வாங்கினேன். வாங்கிய விதத்திலேயே இரண்டு தப்பு செய்தேன். விற்றவர் எஞ்சினைச் சுத்தமாகக் கழுவி, மேலே பளபளப்புக்கு எதையோ தடவி வைத்திருந்தார். கழுவின எஞ்சினில் எங்கே கசிகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. அரை மணி நேரம் ஓட்டிவிட்டுத் திரும்பவும் குனிந்து பார்த்திருக்க வேண்டும். நான் பெயிண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது, நான் போனபோது எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருந்தது. "இப்பதான் கடைக்குப் போயிட்டு வந்தேன்" என்றார். பழைய டீசல் எஞ்சினின் ஜாதகமே காலையில் முதல் ஸ்டார்ட்டில்தான் இருக்கிறது. எத்தனை சுற்றில் பிடிக்கிறது, புகை வெள்ளையா நீலமா கறுப்பா, எத்தனை நிமிடத்தில் சத்தம் ஒழுங்காகிறது என்பதெல்லாம் அப்போது தெரியும். சூடாகிவிட்டால் எல்லா எஞ்சினும் நல்ல பிள்ளை. இப்போது யாராவது வண்டி பார்க்கக் கூட்டிக்கொண்டு போனால், முதலில் பானெட்டைத் திறந்து எஞ்சின் மேல் கை வைக்கிறேன். சுட்டால், "நாளைக்குக் காலையில வர்றோம், ஸ்டார்ட் பண்ணாம வைங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவோம்.

உள்ளே இருந்த ஆயில் தேன் மாதிரி கெட்டியாக இருந்தது. எஞ்சின் தட்டல் வெளியே கேட்காமல் இருக்கக் கெட்டி ஆயில் ஊற்றி விற்பது பழைய வித்தை. அது எனக்குத் தெரியாது. கெட்டியாக இருந்தால் பலமாக இருக்கும் என்று நினைத்த ஆள் நான்.

தெரியாதவனுக்கு ஆர்வமும் வந்துவிட்டால் அதற்கு மேல் ஆபத்து இல்லை. வாங்கிய ஒரு மாதத்தில் எஞ்சினைச் சுத்தம் செய்ய நினைத்தேன். ஆயில் கடையில் ஒரு டப்பா கொடுத்தார்கள். பழைய ஆயிலோடு இதை ஊற்றிப் பத்து நிமிடம் ஓடவிட்டு வடித்தால் உள்ளே இருக்கும் கசடெல்லாம் வந்துவிடும், எஞ்சின் புதுசாகிவிடும் என்றார் கடைக்காரர். செய்தேன். வடிந்தது தார் மாதிரி இருந்தது. ஆகா, எவ்வளவு அழுக்கு போய்விட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

போனதை எண்ணினேனே தவிர, பாதி வழியில் நின்றதை நினைக்கவில்லை. நாலாம் நாள், தன்பியூசயாத்திலிருந்து சுமையோடு திரும்பும்போது ஆயில் பிரஷர் முள் மெல்லக் கீழே இறங்கியது. ஆக்சிலரேட்டரை விட்டால் தரையைத் தொடுகிறது, அழுத்தினால் கொஞ்சம் எழுகிறது. ஸ்பேர்ப் பையன், "அண்ணே, மீட்டர் பழசு, தட்டுங்க" என்றான். தட்டினேன். எழவில்லை. ஏன் அப்படித் தோன்றியதோ, சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிட்டு, உருண்டபடியே ஓரம் கட்டினேன். அந்த எஞ்சின் இன்று வரை ஓடுவதற்கு அந்த ஒரு காரியம்தான் காரணம் என்று பிறகு சயா சொன்னார்.

சயா என்றால் பர்மிய மொழியில் வாத்தியார். பள்ளிக்கூடத்தில் இருப்பவரும் சயா, வைத்தியரும் சயா, பட்டறையில் ஸ்பானர் பிடிப்பவரும் சயா. எங்கள் சயா ஒரு மோன்காரர். அறுபது வயதிருக்கும், வாயில் எப்போதும் வெற்றிலை, வார்த்தை மிகக் குறைவு. வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போய் அவர் பட்டறையில் விட்டேன். எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியை, அதாவது ஆயில் சம்ப்பைக் கழற்றினார். அடியில், ஆயிலை உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு வலை இருக்கும். அந்த வலையைக் கறுப்புப் பிசின் முக்கால்வாசி மூடியிருந்தது. வருடக்கணக்காகச் சுவரில் ஒட்டி யாருக்கும் தொந்தரவு செய்யாமல் கிடந்த கசடை நான் டப்பா மருந்து ஊற்றி மொத்தமாக அவிழ்த்துவிட்டேன். அது பம்பின் வாயில் போய் உட்கார்ந்துகொண்டது.

சயா அதை விரலில் எடுத்து என் உள்ளங்கையில் தடவினார். திட்டவில்லை. "இருபது வருஷத்துல சேர்ந்ததைப் பத்து நிமிஷத்துல எடுக்கப் பாத்திருக்கே" என்றார், அவ்வளவுதான். பிறகு அவர் சொன்னபடி, சாதாரண 15டபிள்யூ-40 (ஆயில் எவ்வளவு கெட்டி என்று சொல்லும் எண்) டீசல் ஆயிலை ஊற்றி, 1,000 கிலோமீட்டரில் ஒரு தடவை, அடுத்த 1,500-இல் ஒரு தடவை, அதற்கடுத்து 2,500-இல் ஒரு தடவை மாற்றினேன். ஒவ்வொரு முறையும் புது ஃபில்டர். டீசல் ஆயிலிலேயே அழுக்கை மெதுவாகக் கரைத்துத் தூக்கி வைத்துக்கொள்ளும் மருந்து இருக்கிறது. அதைத் தன் வேகத்தில் வேலை செய்ய விட வேண்டும். மூன்றாம் மாற்றத்துக்குப் பிறகு ஆயில் மூடியைத் திறந்து பார்த்தால் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் இரும்பு நிறத்தில் தெரிந்தது. கழுவ வேண்டும் என்று யாராவது கேட்டால் எனக்குத் தெரிந்த ஒரே கழுவல் இதுதான்.

இவ்வளவு பட்டுத் தேறிய பிறகுதான் ஜூன் மாதம் ஆயில் மாற்றி, ஜூலையில் டீக்கடையில் பெருமை பேசினேன். மாமாவின் கேள்வி இரண்டு நாள் உறுத்தியது. சயாவிடம் போனேன். டிப்ஸ்டிக்கை இழுத்து மூக்கருகே கொண்டுபோனார். பிறகு என்னிடம் நீட்டினார். டீசல் வாடை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்தால் ஆயிலின் வழவழப்பு இல்லை, தண்ணீராக ஓடுகிறது.

இன்ஜெக்டரின் மூக்கு தேய்ந்துவிட்டால் டீசலைப் புகையாகத் தூவாமல் சொட்டாக விடும். எரியாத சொட்டு சிலிண்டர் சுவரில் வழிந்து, அங்கே இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு, பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே சம்ப்பில் போய்ச் சேரும். ஒரு பக்கம் எஞ்சின் தன் வழக்கப்படி கொஞ்சம் ஆயிலை எரிக்கிறது, இன்னொரு பக்கம் டீசல் வந்து சேர்கிறது. வரவு செலவு சரியாகி அளவு மட்டும் அப்படியே நிற்கும். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. என் வண்டியில் வரவு கூடிப்போனதால் மாட்டிக்கொண்டது. கூடினால் இன்னொரு அபாயமும் உண்டு. ஆயில் மட்டம் ஏறி, பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் அதில் அடித்தால் நுரைக்கும். நுரைத்த ஆயில் பிரீதர் (எஞ்சின் மூச்சுவிடும் குழாய்) வழியாக இன்டேக்கில் (எஞ்சினுக்குக் காற்று போகும் வழி) ஏறினால் எஞ்சின் அந்த ஆயிலையே எரிபொருளாகக் குடித்துக்கொண்டு ஓடும். சாவியைப் பிடுங்கினாலும் நிற்காது. அப்படி ஒரு எஞ்சின் அலறுவதை நான் ஒரு முறை கேட்டிருக்கிறேன். இரண்டாம் முறை கேட்க ஆசையில்லை.

எந்த சிலிண்டர் என்று கண்டுபிடிக்க சயா செய்தது எளிய சோதனை. எஞ்சினை ஐட்லிங்கில் ஓடவிட்டு, இன்ஜெக்டருக்குப் போகும் டீசல் பைப்பின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். ஒன்றாம் சிலிண்டரில் தளர்த்தியதும் எஞ்சின் தடுமாறியது. இரண்டும் அப்படியே. மூன்றில் தளர்த்தியபோது தடுமாறவில்லை, அதுவரை இருந்த தட்டல்தான் நின்றது. மூன்றாவதுதான் கள்ளன். (இதை நீங்களே செய்து பார்ப்பதானால் கந்தலைச் சுற்றிப் பிடியுங்கள், கண்ணைத் தள்ளி வையுங்கள், பீச்சும் டீசல் முன்னால் விரலைக் கொண்டுபோகாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தின மாதிரிதான் தெரியும், உள்ளே சதை அழுகும். அப்படிக் குத்தினால் வலிக்கவில்லை என்று வீட்டில் இருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.) நாலு மூக்கையும் மாற்றினோம். ஒன்று போனால் மற்ற மூன்றும் பின்னாலேயே வரும் வயதுதான். அடியில் இருக்கும் சின்ன வாஷரைக் கண்டிப்பாகப் புதிதாகப் போட வேண்டும் என்றார். உடனே ஆயிலும் ஃபில்டரும் மாற்றினோம், மாற்றி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தாலும்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். ஓர் அட்டையில் டிப்ஸ்டிக் நுனியிலிருந்து ஒரு சொட்டு விட்டுத் தேதி எழுதி, நிழலில் ஓர் இரவு வைப்பேன். நடுவில் கறுப்பு, சுற்றிச் சாம்பல், மெல்ல மங்கும் விளிம்பு என்றால் சரி. கறுப்பு பரவாமல் நடுவிலேயே பொட்டு வைத்த மாதிரி உறைந்துவிட்டால், அழுக்கைத் தூக்கிச் சுமக்கும் தெம்பு ஆயிலுக்குத் தீர்ந்துவிட்டது. வெளியே வெளிர் வளையம் அகலமாக ஓடினால் டீசல். தண்ணீர் சந்தேகம் வந்தால் அட்டை வேண்டாம், சூடான தகர மூடியில் ஒரு சொட்டு விட்டால் போதும், தாளிப்பு மாதிரிச் சடசடக்கும். இது ஆய்வுக்கூடச் சோதனை இல்லை. ஆனால் பழைய அட்டைகளைத் தேதிவாரியாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மாற்றம் கண்ணில் படுகிறது. என் மகள் அந்த அட்டைகளை 'அப்பாவின் ரேகை சாஸ்திரம்' என்பாள்.

நிறத்தை மட்டும் வைத்து ஏமாற வேண்டாம். இந்த மாதிரிப் பழைய டீசல் எஞ்சினில் புது ஆயில் ஊற்றி ஒரு நாள் ஓட்டினாலே கரியாகிவிடும். புகைக்கரி அதில் சேர்கிறது, அவ்வளவுதான். கறுத்துவிட்டது என்று ஆயிலை மாற்றுபவரும் உண்டு, பெட்ரோல் கார் ஆயில் பொன்னிறமாகவே இருக்கிறதே என்று அதை வாங்கி டீசலில் ஊற்றுபவரும் உண்டு. இரண்டாமவர் செய்வது பெரிய தப்பு.

எந்த ஆயில் என்ற கேள்விக்கு நான் கம்பெனி பெயர் சொல்வதில்லை. பாட்டிலின் பின்பக்கம் பாருங்கள். ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) என்று போட்டு எழுத்து இருக்கும். 'எஸ்' என்று தொடங்கினால் பெட்ரோலுக்கு, 'சி' என்று தொடங்கினால் டீசலுக்கு. என் எஞ்சின் பிறந்த காலத்து ஆயிலைவிட, 2002-இல் வந்த சிஐ-4 எவ்வளவோ மேல். அதற்கடுத்து வந்த சிஜே-4, சிகே-4 எல்லாம் புகைபோக்கியில் வடிகட்டி வைத்த புது எஞ்சின்களை மனத்தில் வைத்துச் செய்தவை. அந்த வடிகட்டி அடைத்துக்கொள்ளாமல் இருக்க, ஆயில் எரிந்தால் மிஞ்சும் சாம்பலுக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். என் வண்டியில் வடிகட்டியும் இல்லை, கிடைக்கும் டீசலும் எல்லா நேரமும் சுத்தம் இல்லை. டீசலில் உள்ள கந்தகம் எரிந்து, ஈரத்தோடு சேர்ந்து ஆயிலில் அமிலமாகிறது. அதை அடக்கக் காரம் அதிகமுள்ள ஆயில் வேண்டும். அதனால் எனக்கு சிஐ-4, 15டபிள்யூ-40, சாதாரண மினரல் ஆயில் போதும். டிசம்பர் காலையில்கூடப் போர்வை தேவைப்படாத ஊரில் குளிருக்கென்று செய்த விலை உயர்ந்த சிந்தெடிக் எதற்கு? அந்தக் காசில் இரண்டு தடவை மாற்றிவிடலாம். 5,000 கிலோமீட்டர், மைல் கணக்கில் மூவாயிரத்துச் சொச்சம், அதுதான் என் எல்லை. மழைக்காலத்தில் அதுவும் குறையும். இங்கே ஜூலையிலும் ஆகஸ்டிலும் மாதத்துக்கு ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. குட்டை நடையாக ஓட்டினால் எஞ்சின் முழுச் சூடேறாது, உள்ளே வியர்த்து ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய் மாதிரி படியும். அதைப் பார்த்ததும் ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல் பாகத்துக்கு அடியில் இருக்கும் தகடு) போச்சு என்று அலற வேண்டாம். முதலில் ஒரு நீண்ட நடை போய்வந்து திரும்பவும் பாருங்கள். டிப்ஸ்டிக்கிலும் பால் கலந்த மாதிரி இருந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் அப்போது அலறலாம்.

பாட்டிலில் எழுதியிருப்பதைவிடப் பெரிய கவலை, போலி ஆயில்தான். மூடியின் வளையம் உடையும்போது சத்தம் வருகிறதா என்று கேட்பேன். காலி பாட்டிலை மூடியோடு தூக்கிப் போட மாட்டேன், ஆணியால் ஓட்டை போட்டுத்தான் போடுவேன். நம் காலி பாட்டில்தான் நாளைக்கு நமக்கே திரும்பி வரும்.

மாற்றும் வேலையில் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. சூடாக இருக்கும்போது வடியுங்கள், வடிகிற வரைக்கும் அவசரப்படாதீர்கள், டிரெயின் நட்டுக்குப் புது வாஷர் போடுங்கள், நட்டைப் பலத்தைக் காட்டி முறுக்காதீர்கள். ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் ஆயில் தடவிக் கையாலேயே இறுக்குங்கள். பழைய வளையம் எஞ்சினில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இரண்டு வளையம் ஒன்றன் மேல் ஒன்றாக உட்கார்ந்தால் ஸ்டார்ட் செய்த நிமிடமே ஆயில் முழுக்கத் தரையில் இருக்கும். என் மச்சானுக்கு நடந்தது. நான் சிரிக்கக்கூடாது.

2016-இல் எஞ்சினுக்கு முன்னால், டைமிங் பெல்ட் (கிராங்க் ஷாஃப்ட்டையும் கேம் ஷாஃப்ட்டையும் இணைக்கும் பல் வைத்த பட்டை) மூடியின் அடியிலிருந்து ஆயில் சொட்ட ஆரம்பித்தது. கிராங்க் சீல் (கிராங்க் ஷாஃப்ட் முனையில் ஆயில் கசியாமல் தடுக்கும் வளையம்) போய்விட்டது என்று நானே முடிவு செய்து, சயா ஊரில் இல்லாத சமயம் வேறு ஓர் இடத்தில் மாற்றினேன். இரண்டு மாதத்தில் திரும்பவும் சொட்டியது. சீல் மட்டம் என்று சண்டை போட்டு இன்னொன்று போட்டேன். அதுவும் ஆறே வாரம். மூன்றாம் தடவை சயாவிடமே போனேன். அவர் கசியும் இடத்தைப் பார்க்கவேயில்லை. எஞ்சினை ஓடவிட்டு மேலே ஆயில் மூடியைத் திருகினார். மூடி அவர் கையிலிருந்து துள்ளியது. பிறகு வால்வ் மூடியிலிருந்து இன்டேக்குக்குப் போகும் பிரீதர் குழாயைக் கழற்றி, ஒரு முனையில் வாய் வைத்து ஊதினார். காற்று போகவில்லை. கத்தியால் நீளவாக்கில் அறுத்துக் காட்டினார். வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. உள்ளே ரப்பர் ஆயிலில் ஊறி, தோல் உரிந்து, உரிந்த தோல் மடிந்து வழியை அடைத்திருந்தது.

பிஸ்டன் ரிங்கைத் தாண்டி வரும் காற்றுக்கு எஞ்சினிலிருந்து வெளியேற ஒரே வழி அந்தக் குழாய். அது அடைத்தால் உள்ளே அழுத்தம் கூடி, பலவீனமான சீல் எதுவோ அதைத் தள்ளும். நான் இரண்டு சீல்களைத் திட்டினேன். குற்றவாளி ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுக்குக் கிடைக்கும் ஒரு முழம் ரப்பர் குழாய்.

கதை அதோடு முடியவில்லை. பெல்ட் மூடியைத் திறந்தால் டைமிங் பெல்ட் ஆயிலில் ஊறிப் பல் ஓரங்கள் வெடித்திருந்தன. இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும், மேல் பாகம் மொத்தமும் போச்சு. டொயோட்டாக்காரன் 1,00,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை டாஷ்போர்டில் பெல்ட் விளக்கை எரிய வைத்து ஞாபகப்படுத்துகிறான். ஆனால் என் வண்டியின் மீட்டரை எத்தனை கை திருப்பியிருக்கும் என்று கடவுளுக்குத்தான் தெரியும். பழைய வண்டி வாங்கினால் மீட்டர் என்ன சொன்னாலும் பெல்ட்டை முதல் வாரமே மாற்றிவிட்டு, தேதியையும் மீட்டர் எண்ணையும் மூடியின் மேல் பெயிண்டில் எழுதி வைப்பதுதான் உத்தமம். நான் இரண்டு வருடம் குருட்டு அதிர்ஷ்டத்தில் ஓட்டியிருக்கிறேன். மாற்றும்போது கேம் சீல், கிராங்க் சீல், பெல்ட்டைத் தாங்கும் ஐட்லர் உருளை எல்லாம் சேர்த்துப் போடுங்கள். கூலி ஒன்றுதான்.

கோடையில் வேறு பிரச்சினை. பிப்ரவரியிலிருந்து எங்கள் தோட்டப் பாதைகளில் செம்மண் மாவாகப் பறக்கும். ஏர் கிளீனர் காகிதம் எங்காவது கிழிந்திருந்தால், அந்த மாவு நேரே சிலிண்டருக்குள் போய் ஆயிலோடு சேர்ந்து உப்புத்தாளாக வேலை செய்யும். உள்ளிருந்து வெளியே காற்றடித்துச் சுத்தம் செய்யலாம், வெளியிலிருந்து உள்ளே அடிக்கக்கூடாது. பிறகு உள்ளே ஒரு விளக்கைப் பிடித்து இருட்டில் பார்த்தால் ஓட்டை நட்சத்திரமாகத் தெரியும். அப்படி நட்சத்திரம் தெரிந்த காகிதத்தை அன்றே தூக்கிப் போட்டுவிடுவேன்.

ஏப்ரலில் திஞ்சான் தண்ணீர்த் திருவிழா. நமக்குச் சித்திரை பிறக்கிற அதே வாரம். ஊரில் பிக்கப் வைத்திருக்கும் எவனும் தப்ப முடியாது. பின்னால் தண்ணீர் டிரம்மும் இருபது பையன்களும் ஏறிக்கொண்டு மூன்று நாள் சுற்றுவார்கள். ஒரு வருடம் திருவிழா முடிந்த மறுநாள் டீசல் ஃபில்டர் விளக்கு எரிந்தது. டேங்க் மூடியின் ரப்பர் கிழிந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. ஊற்றிய தண்ணீரில் ஒரு பங்கு டேங்குக்குள்ளும் போயிருந்தது. ஃபில்டருக்கு அடியில் தண்ணீர் தங்கும் கிண்ணமும் அதற்கு ஒரு திருகும் உண்டு. கீழே ஒரு டப்பாவை வைத்து, திருகை இரண்டு சுற்றுத் தளர்த்தி, மேலே இருக்கும் கைப்பம்பை அழுத்தினால் முதலில் தண்ணீர், பிறகு டீசல் வரும். டீசல் மட்டும் வந்ததும் மூடிவிடலாம். ஐந்து நிமிட வேலை. விளக்கைச் சட்டை செய்யாமல் ஓட்டியிருந்தால் பம்பு போயிருக்கும். அந்தப் பம்புக்கு டீசலே ஆயில், தனியாக வேறு மசகு கிடையாது. தண்ணீர் போனால் இரும்போடு இரும்பு உரசும். சாலையோரத்தில் பாட்டிலில் விற்கும் டீசலை அவசரத்துக்கு வாங்கினால், பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கி அடியில் வேறு நிறமாக ஒரு கோடு நிற்கிறதா என்று பாருங்கள். ஊற்றிய மறுநாள் காலையில் அந்தத் திருகையும் ஒரு தடவை திறந்துவிடுங்கள்.

வடித்த ஆயிலை என்ன செய்வது? எங்கள் பக்கம் வீட்டுத் தூணுக்கும் வேலி மூங்கிலுக்கும் பூசிவிடுவார்கள், கறையான் வராது என்று. பர்மாவில் மரவீட்டுக்கு எண்ணெய்ப் பூச்சு புதிதில்லை, அந்தக் காலத்தில் ஏனஞ்சாவுங் கிணற்றுக் கச்சா எண்ணெயையே பூசியிருக்கிறார்கள். ஆனால் எஞ்சினில் ஓடிய ஆயில் வேறு சரக்கு. அதில் கரியும் உலோகத்தூளும் புற்றுநோய் வரவழைக்கும் சாமான்களும் இருக்கின்றன. மழைக்காலத்தில் கரைந்து நேரே கிணற்றுக்குத்தான் போகும். நான் கேனில் சேர்த்து, செங்கல் சூளைக்கு எடுப்பவரிடம் கொடுக்கிறேன். அதுவும் முழுச் சரி என்று சொல்ல மாட்டேன். என் தாத்தா ரங்கூனுக்குப் பக்கத்தில் சிரியம் எண்ணெய் ஆலையில் வேலை பார்த்தவர். 1942 மார்ச்சில் ஜப்பான்காரன் கைக்குப் போகக்கூடாது என்று வெள்ளைக்காரன் அந்த ஆலையைக் கொளுத்திவிட்டுப் போனபோது எழுந்த புகையைப் பற்றிச் சாகும்வரை பேசினார். அந்த ஆலையை வைத்திருந்த பர்மா ஆயில் கம்பெனிதான் பின்னாளில், 1966-இல், காஸ்ட்ராலை வாங்கியது. பச்சை சிவப்பு டப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தாத்தா ஞாபகம் வரும். பாட்டி மட்டும், "உங்க தாத்தா சட்டையைத் துவைச்சவளுக்குத்தான் எண்ணெயோட அருமை தெரியும்" என்பாள்.

எஞ்சின் சூடேறாமல் பார்ப்பது பற்றித் தனியாகவே எழுதலாம். இங்கே ஒன்று மட்டும். இந்த வகை எஞ்சின்களின் ஹெட் சூடு தாங்காது, வால்வுகளுக்கு நடுவில் விரிசல் விடும். முள் பாதியைத் தாண்டினால் "இன்னும் ரெண்டு மைல்தானே" என்று ஓட்டக்கூடாது.

என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன், வண்டி சமதரையில் நிற்கும்போது டிப்ஸ்டிக்கை ஒரு தடவை துடைத்து, திரும்ப விட்டு எடுத்து, கோட்டில் எங்கே நிற்கிறது என்று குறிக்கிறேன். வாசனை, மீட்டர் எண், முந்தின நாள் சுமை. ஒரு நிமிடம் ஆகும். ஆரம்பத்தில் குறைகிறதா என்று மட்டும் பார்த்தேன், இப்போது ஏறுகிறதா என்றும் பார்க்கிறேன்.

இந்த வருடம் மழை தொடங்குவதற்கு முன்னால் எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஈரம் தெரிந்தது. கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க சீல். பிரீதர் குழாயை முதலில் ஊதிப் பார்த்தேன், காற்று தாராளமாகப் போனது. அப்படியென்றால் சீலுக்குத்தான் வயதாகிவிட்டது. சயாவிடம் காட்டினேன். வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கீழே படுத்துப் பார்த்தார். அதற்காக மட்டும் கியர்பாக்ஸை இறக்க வேண்டாம், கிளட்ச் போடும்போது சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம், அதுவரைக்கும் சொட்டட்டும் என்றார். "எத்தனை சொட்டுன்னு மட்டும் எண்ணிக்கிட்டே இரு."

ராத்திரி வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்துவிட்டுப் படுக்கிறேன். போன வாரம் முழுக்க இரண்டு. நேற்று மூன்று.